சாமைக்கு வந்த சர்க்கார்

ஜவ்வாது மலையின் விவசாய வரலாற்றை நாய்களிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

இங்குள்ள மலையாளி மக்களிடையே (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்துப் பெண்களை வேடர்கள் தூக்கிப்போய்விட, ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு மீட்கக் கிளம்பினார்கள். "நாய் மட்டும் தனியாக வந்தால் எங்களுக்குக் காரியம் செய்துவிடுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். (ரொம்பப் பழைய கதை என்பது இந்த இடத்திலேயே புரிந்திருக்கும்.) நாய்கள் தண்ணீரைப் பார்த்தன, வீட்டை நினைத்தன, திரும்பிவிட்டன. ஆண்கள் மட்டும் ஆற்றைக் கடந்து, வேடர்களைத் தீர்த்துக்கட்டி வெற்றியோடு வீட்டுக்கு வந்தால், மனைவிமார் தாலியறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரியம் முடிந்தவர் எப்படிக் குடித்தனம் நடத்துவது? மறுபடி மலையேறி, வேடர் வீட்டுப் பெண்களையே கட்டிக்கொண்டு காடு திருத்த உட்கார்ந்தார்கள்.

ஏர் போகிற இடம் உழவுகாடு. போகாத சரிவு கொத்துக்காடு. அங்கே புதரை வெட்டிக் கொளுத்தி, சாம்பலோடு மண்ணைக் கொத்திச் சாமை விதைப்பார்கள். சில வருஷத்தில் மண் களைத்தால் "நீ கொஞ்சம் படு" என்று விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். கீழேயிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. படுத்திருக்கிற நிலம் வரி கட்டாதே!

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காட்டுக்குள் கொத்தினால் குற்றம். சட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ். இதே மனிதர் அதற்கு முன் பர்மாவில், காட்டை எரித்துப் பயிரிடும் கரேன் மக்களைத் தட்டிக்கொடுத்து, அவர்கள் பயிருக்கு நடுவே தேக்கு நட வைத்தவர். பர்மாவில் செய்தால் விஞ்ஞானம், ஜவ்வாதில் செய்தால் அத்துமீறல்.

அசல் ஆக்கிரமிப்பாளர் யாரென்றால் சந்தன மரம். பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சுகிற பிறவி. ஆனால் அதற்கு ராஜ மரியாதை. காட்டில் காவல், திருப்பத்தூரில் கிடங்கு, ஏலம். சாமைக்கு அந்த யோகம் 2023இல்தான் அடித்தது. ஐக்கிய நாடுகள் சபை அந்த வருஷத்தைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், மலைக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தின்ற கஞ்சி, பட்டணத்துச் சர்க்கரை நோயாளிக்கு மருந்தாகி, அரிசியைவிடக் கூடின விலைக்குப் பொட்டலத்தில் ஏறியது.

இதற்கு நடுவே 1960களில் சர்க்காரே இந்த மலையின் காவலூரில் காட்டு நிலம் எடுத்தது. விதைத்தது தொலைநோக்கி. 1986இல் 2.3 மீட்டர் விட்டத்தில் பெரியதாக இன்னொன்றும் முளைத்தது. ராத்திரி முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலத்தில் ஒரு படி சாமைகூட விளையவில்லை. தரிசு என்று ஒரு தாசில்தாரும் எழுதவில்லை. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கான தடயம் இங்கேயும் சிக்கியது. அந்த வளையத்தைக் காப்புக்காட்டில் சேர்ப்பதா, புறம்போக்கில் சேர்ப்பதா என்று வனத்துறையும் வருவாய்த்துறையும் இன்னும் சண்டை போடாததுதான் அதிசயம்.