ஊருக்குச் சொல்லியாச்சு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கடக்வாஸ்லாவுக்கு வேலைக்கு வந்தபோது அரசாங்கத்துக்கு ஒரு முகம் இருந்தது. காக்கிச் சட்டை, வெற்றிலைக் காவி ஏறிய பல், தோளில் ஹல்கி என்கிற தப்பு. கோத்வால் என்பார்கள், நம்மூர்த் தலையாரி மாதிரி. சாவடி முன்னால் இரண்டு தட்டு தட்டி, “ஐகா ஹோ ஐகா” என்று தொடங்குவார். இன்ன சர்வே நம்பரில் சப்ஸ்டேஷனுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் கச்சேரிக்கு வந்து எழுதிக் கொடுக்கலாம் என்பார். அத்தனை தூரம் போகக் கிழவிகளுக்கு ஏது நேரம்? அங்கேயே சொல்லிவிடுவார்கள், கோத்வாலின் மூன்று தலைமுறையையும் சேர்த்து. மனிதர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நகர்வார். சப்ஸ்டேஷன் எப்படியும் வரத்தான் போகிறது. ஆனால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார்.

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கெஜட்டில் போடு, ஊரில் வசதியான இடங்களில் தெரியப்படுத்து. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது சட்டத்துக்குப் பெரிய விஷயமில்லை.

அதைக்கூடச் செய்யாத கதை ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு வடமேற்கே, மலைக்கு அந்தப்புறம், முல்ஷி. பம்பாய்க்கு மின்சாரம் அனுப்ப டாட்டா கம்பெனி அங்கே அணை கட்டக் கிளம்பியபோது, நிலம் கைக்கு வருமுன்பே விவசாயிகளின் வயலில் சோதனைக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். மண்வெட்டிதான் நோட்டீஸ். 1921 ஏப்ரல் 16, ராமநவமி அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. பாண்டுரங்க மகாதேவ் பாபட் அதை நடத்திச் சிறைக்குப் போனார். சேனாபதி என்ற பட்டம் அங்கே ஒட்டியதுதான். பிறகு அரசாங்கமே நில எடுப்புச் சட்டத்தைக் கையிலெடுத்து நிலத்தை வாங்கிக் கொடுத்தது. கிராமங்கள் முறைப்படி மூழ்கின.

இப்போது சட்டம் எவ்வளவோ திருந்திவிட்டது. 2013-இல் வந்த புதுச் சட்டப்படி நிலம் எடுக்க கெஜட், இரண்டு நாளிதழ், உள்ளாட்சி அலுவலகம், இணையதளம் என்று எல்லா இடத்திலும் அறிவிக்க வேண்டும். எங்கள் ஊர் மட்டும் சும்மா இருக்குமா? 2021 ஜூன் கடைசியில் 23 கிராமங்களில் ஒன்றாகப் புனே மாநகராட்சியில் சேர்ந்தது. சேர்ந்ததும் பஞ்சாயத்து போயிற்று, கிராம சபை போயிற்று. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலமும் முடிந்தது. தேர்தல் வராமல் நிர்வாகி ஆட்சி வருஷக்கணக்கில் ஓடியது. ‘உள்ளாட்சிக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று அந்த நாட்களில் ஒரு கோப்பு சொன்னால், தெரிந்துகொண்டவர் யார் என்று யாரைக் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மூலையில், டிபி முளைத்திருந்தது. இரண்டு இரும்புக் கம்பம், நடுவில் சாம்பல் நிற டிரான்ஸ்பார்மர், எண்ணெய் வாடை, மண்டையோட்டுப் பலகை. நான் ஆயுசுபூராவும் வேலை பார்த்தது மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். பெயரிலேயே மின் உண்டு. எங்கேயோ இருக்கிற ஆற்றையும் துறைமுகத்தையும் கொட்டகைக்குள் சிறிதாகக் கட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொன்னவன் நான். ஜன்னலுக்கு எதிரே வந்தது தெரியவில்லை.

நட்டு முடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். “நோட்டீஸ் ஒட்டியாச்சே காகா” என்று செல்போனை நீட்டினான். பூட்டிக் கிடக்கும் பழைய பஞ்சாயத்து ஆபீஸ் கதவில் ஒரு தாள். படத்தின் அடியில் தேதி, மணி, அட்சரேகை, தீர்க்கரேகை. ஒட்டியதற்கு இத்தனை அத்தாட்சி நான் பார்த்ததில்லை; படித்ததற்கு ஒருவரும் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஓர் ஆடு, பசை காய்வதற்காகக் காத்திருப்பது போல நின்றிருந்தது.

ஊரில் தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். “உங்களுக்குத் தாளாச்சும் ஒட்டுனாங்கண்ணா. இங்கெல்லாம் காட்டுல குச்சி நட்டப்புறந்தான் தெரிஞ்சுது.” சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் லைன் வந்தபோது கொங்கு விவசாயிகள் போராடியதைச் சொல்கிறான். உயரழுத்தக் கோபுரத்துக்கு நிலத்தை எடுக்கவே வேண்டாம், நஷ்டஈடு போதும். 2003 மின்சாரச் சட்டம் வழியாக அந்த அதிகாரம் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. தந்தி 2013 ஜூலையில் நின்றுபோய்விட்டது. அதன் சட்டம் மட்டும் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்தது. தண்டோராவையும் 2022-இல் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். நியாயம்தான், ஒரு சாதியின் தோளில் தப்பை மாட்டி அரசாங்கம் பேசியது போதும்.

நானும் விடவில்லை. புகார் தளத்தில் பதிவு செய்தேன். ‘பிரச்சினையின் வகை’ என்ற பட்டியலில் ‘மின்தடை’ இருந்தது, ‘கம்பம் சாய்ந்தது’ இருந்தது. ‘சொல்லவில்லை’ இல்லை. ‘இதர’ என்பதை அழுத்தினேன். சாயங்காலமே குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தருக. மனைவி எட்டிப் பார்த்து, “நாலு நட்சத்திரம் போடுங்க, வோல்டேஜ் இப்பத்தான் ஒழுங்கா வருது” என்றாள்.