ஆச்சியின் 11, கிளினிக்கின் 198

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற ஊர்களில் முதியோர் நவீன மருத்துவக் கருவிகளைக் கண்டு அஞ்சுகின்றனர் என்று கருதுவோர், அக்கருவிகளுக்கு அங்கே கிடைக்கும் மரியாதையை அறியாதவர்களாகவே இருத்தல் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பிரஷர் மெசின் பெரும்பாலும் சாமிப் படத்தருகே, வந்த பெட்டியும் பொலித்தீன் உறையும் கலையாமல் வீற்றிருக்கும். விடுமுறையில் வரும் பிள்ளைக்கு அது பழுதுபடாமல் இருப்பதைக் காட்டுவதற்கு மட்டுமே வெளியே எடுக்கப்படும்.

குளுக்கோமீற்றரின் கதை இன்னும் சுவையானது. விரல் நுனியில் குத்தியெடுத்த ஒரு துளி இரத்தத்திலுள்ள சீனியைச் சில விநாடிகளில் அளந்து சொல்லும் இச்சிறு கருவி, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாங்கப்பட்டதாயின், ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று கணக்கிடும். இலங்கைக் கிளினிக்குகளிலோ ஒரு டெசிலீற்றரில், அதாவது நூறு மில்லிலீற்றரில், எத்தனை மில்லிகிராம் என்பதே பெரும்பாலும் பேச்சு. முன்னதை 18 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும் என்பதை அனுப்பிய மகன் சொல்வதில்லை. அவருக்கே தெரியுமோ என்பது வேறு கேள்வி. ஆகவே, கிளினிக் கொப்பியில் 198 என்று எழுதப்பட்ட ஆச்சி, வீட்டு மெசின் 11 என்று காட்டக் கண்டு, சீனி வருத்தம் ஏறக்குறைய நாட்டை விட்டே போய்விட்டதெனத் துணிந்து, தேநீரோடு கடிக்கும் பனங்கட்டியை இரட்டிப்பாக்குவாராயின், அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை. பிழை அலகில் உள்ளது. பல கருவிகளில் அலகை மாற்றவும் வழியில்லையாதலால், மெசினை ஒருமுறை கிளினிக்குக்கே கொண்டுபோய்க் காட்டி, இரு கணக்குகளையும் அருகருகே பெரிய எழுத்தில் எழுதி அதன் பெட்டியில் ஒட்டிக் கொடுக்கும் பேரப்பிள்ளை, அச்சிட்ட கையேடு எதனையும்விடப் பயனுள்ளவர்.

பிரஷர் மெசினுக்கோ ஒழுக்கம் வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு முன்பே தேநீரைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து ஓய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, அளந்து முடியும்வரை பேசாதிருத்தல் அதன் விதி. வளவுக்குள் மாடு புகுவதைக் கண்டும், படலையடியில் யாரோ கூப்பிடுவதைக் கேட்டும் வாய் திறவாதிருக்க வல்ல முதியவர் வன்னியில் இருப்பாராயின், அவருக்குப் பிரஷரே வந்திராது.

மாறாக, 2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் விரிந்த 1990 சுவசெரிய என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையைப் பயன்படுத்த இத்தகைய பயிற்சி தேவைப்படாமைக்குக் காரணம், 1990 என்ற எண்ணை அழுத்தினால் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேள்வி கேட்பதே. கேள்வி கேட்போருக்கு வன்னி முதியோர் பதிலைக் குறைத்து வழங்குவதில்லை. இடம் எது என்று வினவினால், ஏ32 வீதியிலிருந்து எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, யாருடைய வளவுக்குப் பின்வளவு என்பதோடு, அந்த வளவுக்காரர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்பது வரை தெரியவரும். வண்டி வந்து சேரும்போது, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பவரே நோயாளர் என்பதை மட்டும் முதலுதவியாளர் விசாரித்தறிய வேண்டியிருக்கும்.