பிலிமத்தலாவையின் சகலகலாப் பொறியியலாளர்
மென்பொருள் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி எனப் பாடநூல்கள் குறுக்கி விளக்கினாலும், மின்சாரத்தில் இயங்கும் யாவும் அதனுள் அடங்கும் என்னும் விரிந்த கொள்கையே, கொழும்பு–கண்டி வீதியில் அமைந்த பிலிமத்தலாவைக்கு உகந்தது. அதன்படி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் கற்றுத் திரும்பும் இளைஞர், அயல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைச் சீர்செய்யவும், சித்தப்பா மறந்த முகநூல் கடவுச்சொல்லை நினைவுகூரவும் கடமைப்பட்டவராகிறார். வழு, அதாவது கட்டளைகளுள் ஒளிந்திருக்கும் பிழை, எங்குள்ளதெனத் திரைமுன் அசையாது சிந்திக்கும் நேரம் ஓய்வாகவே கணிக்கப்படுவதும் நியாயமே. விரல்கள் அசையவில்லை அல்லவா!

1344இல் எழுந்த, அருகிலுள்ள கடலாதெனிய விகாரையின் அடித்தளத்தைச் சற்றே நகர்த்துமாறு எவரும் கேட்பதில்லை. மென்பொருளின் அடித்தளமோ கல்லன்று என்பதால், "சின்ன மாற்றம்தான்" என மாலையில் சொல்லி மறுநாட் காலையில் எதிர்பார்ப்பது முறையானது. தாமதமான மென்பொருட் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என 1975இல் எழுதிய அமெரிக்கர் பிரெட் புரூக்ஸ், ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் இயக்குதளத் திட்டத்தை நடத்தியவராயினும், வகுத்தல் கணக்கில் தேறாதவர் போலும். நாளை முடியவேண்டிய செயலிக்கு நூறு பேரை அமர்த்தினால், அது நேற்றே முடிந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இத்தொழில் ஒழிந்தது என்பதை ஊரறியத் துண்டுப்பிரசுரமாக வெளியிட முனைந்த பெரியோர், அச்சுப்பொறி பாதியில் நின்றுவிட்டமையால், அவ்விளைஞரையே ஞாயிறு காலை வரச்சொல்லியிருக்கின்றனர்.