மோட்டார் வாத்தியார்

பையனுக்குப் பதினாறு முடிந்து மோட்டாரில் ‘எல்’ ஒட்டிய சேதி லயத்தைச் சுற்றி வருவதற்குள் அவர் வாசலில் நிற்பார். லாபு பக்கமோ பஹாவ் பக்கமோ, நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் உண்டு. சம்பளம் கிடையாது, தேத்தண்ணி போதும்.

ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார், நெஞ்சில் காற்றடிக்காமலிருக்க. காலில் ஜப்பான் சிலிப்பர். தலைக்கவசம் முழங்கையில் தொங்கும். அது தலையில் இருக்க வேண்டும் என்று 1973லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டால், “தோட்டத்துக்குள்ள போலீஸ் ஏதுடா?” என்பார். ஆனால் மாணவன் வார் மாட்டாமல் ஏறினால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். “வார் போடலன்னா விழுறப்ப தொப்பி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

பாடப்புத்தகம் அவர் உடம்புதான். முழங்கால் தழும்பு செம்மண் சாலை. இடது முழங்கை ரந்தாவ் தார்ச்சாலை. தாடையில் இருக்கும் தையல், கோலாப்பிலாவுக்குப் போகும் பழைய புக்கிட் புத்துஸ் மலைச்சாலை. அதைப் பற்றி மட்டும் சுருக்கமாகத்தான் பேசுவார்: “வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சிடு. வளைவுக்குள்ள போயி யோசிக்காத.”

செம்மண் பாடம் மட்டும் முடியவே முடியாது. “மழை பேஞ்ச செம்மண்ணுல முன் பிரேக்கைப் பிடிச்சா மோட்டார் உனக்கு முன்னால வீட்டுக்குப் போயிடும். கியரைக் குறை. பின் பிரேக்கை மெதுவா மிதி.” லோரிச் சக்கரம் அழுத்திய தடத்திலேயே போக வேண்டும், நடுவில் குவிந்த கல்லில் ஏறக்கூடாது. லோரியிலிருந்து உதிர்ந்து நசுங்கிய செம்பனைப் பழத்தின் மேல் சாய்ந்து திரும்பக்கூடாது. அப்புறம் மாடு. “ஒண்ணு தாண்டிடுச்சேன்னு போயிடாத. பின்னாலேயே கன்னுக்குட்டி வரும்.”

தார்ச்சாலை வந்ததும் மாணவன் குழம்புவான்.

“நேத்து முன் பிரேக்கைத் தொடாதேன்னீங்களே மாமா?”

“அது செம்மண்ணு. தாருல ரெண்டையும் சேத்துப் பிடிச்சாத்தான் நிக்கும். முதல்ல டயர்ல ஒட்டியிருக்கிற சேத்தைத் தட்டு.”

இதையெல்லாம் யாராவது அச்சடித்துக் கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பிளஸ் நெடுஞ்சாலை மீது அவருக்குத் தனி மரியாதை, மோட்டாருக்கு டோல் இல்லை என்பதால். பெரிய லோரி தாண்டும்போது காற்று உள்ளே இழுக்கும், கைப்பிடியை இறுக்காமல் உறுதியாகப் பிடி என்பார். மழை வந்தால் மேம்பாலத்தடியில் சாலையோரமாக ஒதுங்காதே, அங்கே உன்னைப் பார்க்காமல் எவனாவது வந்து இடிப்பான் என்றும் சொல்வார். சொன்னவரே அங்கே ஒதுங்கி நின்று, கூட நனைந்த நான்கு பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்.

லைசன் சோதனை என்றால் மட்டும் முகம் சுருங்கும். அந்த ஒடுக்கமான பலகைமேல் ஓட்டச் சொல்கிறார்களே, அதில்தான் கோபம். “எந்த ரோட்டுலடா பலகை போட்டு வச்சிருக்கான்?” அவர் எந்த வருஷம் பாஸானார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மரியாதைதான்.

பையன் பாஸாகி ‘பி’ ஒட்டியதும் முதல் சவாரி சிரம்பானுக்கு. வாத்தியார் பின்னால். இப்போது தொப்பி தலையில், வாரோடு. இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். சாலை விளக்கு பச்சையாகிறது. குறுக்கே ஒரு காடி சிவப்பில் பாய்ந்து போகிறது. பையன் எண்ணெயைத் திருகப் போக, தோளில் அடி விழுந்தது.

“நில்லுடா! கன்னுக்குட்டி!”

இரண்டாவது காடி சர்ரென்று போயிற்று.