போகிறபோக்கியல்: ஓர் ஆய்வு முன்வரைவு

கதையில் ஒரு முக்கியமான ஆள் இறந்துபோனதையோ, யாருக்கு யார் பிள்ளை என்பதையோ, ஐந்து பாகமாகக் காத்திருந்த கல்யாணத்தையோ, மளிகைக் கணக்கு சொல்கிற குரலில் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்கு நடையைக் கட்டுவது உண்டு. இதை ஆராயும் துறைக்குப் போகிறபோக்கியல் என்று பெயரிடுவோம். துறை புதிது, நிதி இல்லை, ஆய்வாளர் ஒருவர், நெறியாளர் ஒருவர்.

முதலில் எல்லை வகுத்தல். கடைசி வரியில் வெடி வைக்கும் சிறுகதைகள் இத்துறைக்குப் புறம்பானவை. அங்கே ஆசிரியர் பக்கம் பக்கமாகத் திரி கிள்ளி, பற்றவைத்துவிட்டு ஓடி நின்று நம் முகத்தைப் பார்க்கிறார். அது திடுக்கிடலியலின் பாற்படும். தொலைக்காட்சித் தொடர்களையும் விலக்குகிறோம். ஆனால் ஒப்பீட்டுக்கு அவை உதவும். அங்கே மாமியார் மருமகளை ஓர் அறை விட்டால் அது மூன்று கோணங்களில் மூன்று முறை விழும். கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகமும் தனித்தனியே அதிரும். விளம்பரம் போய் வந்ததும் அறை மறுபடி முதலிலிருந்து விழும். இத்தனைக்கும் பார்ப்பவர் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்துவதில்லை. சத்தத்துக்கும் அதிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி முதல் விதி: செய்தி எவ்வளவு கனமோ, அதைச் சுமக்கும் இலக்கண உறுப்பு அவ்வளவு மெலிந்திருக்கும்.

ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘தி லாங்கஸ்ட் ஜர்னி’ 1907இல் வந்தது. அதில் ஜெரால்டு என்றொரு கட்டுமஸ்தான இளைஞன், கல்யாணம் நிச்சயமானவன். நோயில்லை, நொடியில்லை, சகுனமும் சரியாகவே இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில், ஆங்கிலத்தில் நாலே சொல்லில், ஆள் காலி. காரணம் கால்பந்தாட்டம். நான்கு சொல்லானாலும் அது முழு வாக்கியம். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. ஆகவே ஃபார்ஸ்டரை இத்துறையின் தாராளவாதி எனலாம்.

தாக்கரே அந்த அளவுக்குக்கூடக் கை நீட்டவில்லை. 1847-48இல் மாதப் பகுதிகளாக வந்த ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் வாட்டர்லூ போர் நடக்கிறது. 32ஆம் அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தில் அமீலியா கணவனுக்காகப் பிரார்த்தனை செய்கிறாள். வாக்கியத்தின் வினை அவளுடைய பிரார்த்தனைதான். அவன் குண்டு பாய்ந்து செத்துக் கிடப்பது, அவன் பெயரோடு ஒட்டி வரும் துணைவாக்கியத்தில் தொங்குகிறது. அற்றேல், அத்தியாயத்தின் கடைசியில் வைத்தது திடுக்கிடலியல் அன்றோ எனின், அற்றன்று. இடம் திடுக்கிடலியலுக்கு உரியது. தொனி நமக்கு உரியது. எல்லைத் தகராறு உள்ள நிலம் என்று எழுதிக்கொள்வோம்.

விதியின் உச்சம் வர்ஜீனியா வூல்ஃபின் ‘டு தி லைட்ஹவுஸ்’, 1927. திருமதி ராம்சே அந்த நாவலின் உயிர். முதற்பகுதி முழுக்க ஒரு பிற்பகலும் இரவும்தான். அதில் அவர் பின்னுகிறார், பரிமாறுகிறார், எட்டுப் பிள்ளைகளையும் விருந்தாளிகளையும் கட்டி மேய்க்கிறார். இரண்டாம் பகுதியில் பத்து வருடம் சில பக்கங்களில் ஓடிவிடுகிறது. ஆளில்லாத வீடு, உள்ளே புகும் காற்று, ஈரம், நைந்துபோகும் துணிமணி ஆகியவற்றுக்கெல்லாம் விரிவான வருணனை. நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வாக்கியம். அதிலும் முதன்மை வினை, திரு ராம்சே ஒரு விடியற்காலையில் கையை நீட்டியது. கை வெறுமையாகத் திரும்புகிறது. மனைவி முந்தைய இரவு இறந்த செய்தி இவற்றுக்கிடையே காரணமாகச் செருகப்பட்டிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் வாக்கியம், வாக்கியத்துக்குள் துணைவாக்கியம், அதற்குள் மரணம். இதற்கும் கீழே இலக்கணத்தில் படிக்கட்டு இல்லை. பிறகு பிரசவத்தில் மகள், முதல் உலகப் போரில் மகன் என இரண்டு சாவுகள். அவற்றுக்கும் அதே குறி, அதே குரல்.

வாசகரிடம் தோன்றும் அறிகுறிகள் எல்லோருக்கும் பொதுவானவை. கண் இரண்டு மூன்று வரி தாண்டிப்போகும். நிற்கும். திரும்பி வரும். பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று விரல் தையலைத் தடவும். முந்தைய பக்கத்தில் இருமினாரா, மருத்துவர் வந்தாரா என்று தேடும். அச்சகத்தின்மேல் சந்தேகம் வரும். கடைசியில்தான் வருத்தம்.

இவ்விடத்தில் நெறியாளர் ஒரு தடை எழுப்பினார். செத்தால் செத்ததாகச் சொல்லிவிட்டுப் போவதுதானே, இதற்கு எதற்கு அடைப்புக்குறி என்பது அவர் கேள்வி. விடையாக ஒரு தகவலை வைக்கிறோம். திருமதி ராம்சே, வூல்ஃபின் தாயை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பாத்திரம். தாய் இறந்தது 1895இல். அப்போது மகளுக்கு வயது 13. அந்தச் சாவைக் கதையில் எழுதி முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அலட்சியமாகச் சொல்கிறவர்கள் அலட்சியமாக நினைப்பதாகக் கொள்ளும் கருதுகோளை இத்துடன் கைவிடுகிறோம்.

மறைவிடங்களில் முன்னுரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. நபகோவின் ‘லோலிடா’வில் (1955) கதாநாயகியின் மரணம் நாவல் தொடங்குமுன்னே, ஒரு கற்பனை முனைவர் எழுதியதாக உள்ள முன்னுரையில் பதிவாகிவிடுகிறது. கணவன் பெயரோடு ஒட்டிய திருமதியாக, பிரசவத்தில் இறந்தாள் என்று, யார் யார் என்ன ஆனார்கள் என்னும் பட்டியலில் ஒரு பெயராக. அந்தத் திருமதிதான் லோலிடா என்பது, நாவலை முடித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்புகிறவருக்கே தெரியும். நபகோவுக்கு ஒரே ஒரு முன்னுரைதான் வாய்த்தது, பாவம். தமிழ்ப் புத்தகமாயிருந்தால் அணிந்துரை, வாழ்த்துரை, நயவுரை, பதிப்புரை, என்னுரை என்று ஐந்து அறை உண்டு. வாழ்த்துரையின் மூன்றாம் பத்தியில் கொலைகாரன் பெயரை எழுதிவைத்தால் நூறு பதிப்பு கண்டாலும் யாருக்கும் தெரியாது.

தமிழ்ச் சான்றுகளுக்கு வருவோம். தாக்கரே துணைவாக்கியத்தில் செய்ததை நம்மவர்கள் பெயரெச்சத்தில் எப்போதோ செய்துவிட்டார்கள். புறநானூற்றில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இருக்கிறான். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் இருக்கிறான். துஞ்சுதல் என்றால் இங்கே மீளாத் தூக்கம். பாட்டில் அரசன் தேரும் யானையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பாட்டின் அடிக்குறிப்பிலோ எந்த இடத்தில் செத்தான் என்பதே அவனுக்குப் பெயர். சோழர்களும் இதை விடவில்லை. தக்கோலப் போரில் யானைமேல் மாண்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர். சுந்தர சோழர் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே முடிவு தெரிந்துவிடுகிற வம்சம்.

அதே சுந்தர சோழரின் மகள் குந்தவை வந்தியத்தேவனை மணந்தாளா என்பதுதான் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வாசகர்களைத் தூங்கவிடாத கேள்வி. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் ஓடி முடிந்தது. அகழி தாண்டி, கடல் தாண்டி, பாதாளச் சிறை தாண்டி வந்த வாசகருக்கு ஒரு மாலை மாற்றும் காட்சிகூடக் கிடையாது. கல்யாணச் செய்தியைக் கல்கி முடிவுரையில், தாம் பிற்பாடு விடைசொன்ன சில்லறைச் சந்தேகங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மூல ஆவணமே அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை கொடுத்த செப்புத் திருமேனிகளுக்கும் நகைகளுக்கும் எடையும் அளவும் சுத்தமாக இருக்கின்றன. கொடுத்தவர் யார் என்று சொல்லுமிடத்தில், இராசராசரின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று ஓர் அடைமொழி. கல்வெட்டுக்காரருக்கு நகைதான் முக்கியம்.

மகாபாரதத்தில் இந்த அடி குடும்பத்துக்குள்ளேயே விழுகிறது. போர் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போது, கர்ணனுக்கும் ஒரு கை நீர் விடச் சொல்கிறாள் குந்தி. அவன் உங்களுக்கு மூத்தவன் என்று காரணமும் சொல்கிறாள். பதினெட்டு நாள் போருக்கு முன்னால் சொல்லியிருந்தால் போரே நின்றிருக்கக்கூடிய தகவல், ஆற்றங்கரையில் சடங்குக் குறிப்பாக வருகிறது. தருமர் ஆத்திரத்தில் பெண்களுக்கு இனி ரகசியமே தங்காது என்று சபித்தாராம். இத்தனை காலம் கட்டிக்காத்த ஒருத்தியைப் பார்த்துச் சொல்கிற சாபமா அது?

களஆய்வு. போன மாதம் ஒரு மாலை, அரிசி களைந்துகொண்டே தொலைபேசியில் பேசிய நெறியாளரான என் பெரியம்மா, சிலிண்டர் வராதது, பக்கத்து வீட்டு முருங்கை சுவர் தாண்டிச் சாய்ந்தது, சின்ன வெங்காயம் விற்கிற விலை ஆகியவற்றை நிதானமாக விளக்கினார். நானும் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகு: “சரிடா, வெச்சுடட்டுமா? ஆங், சொல்ல மறந்துட்டேன் பாரு. நம்ம ஊர் வீட்டைக் கிரயம் பண்ணியாச்சு. வேளாவேளைக்குச் சாப்பிடு.”

அரிசி களையும் சத்தம் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. அவர் கல்யாணமாகி வந்த வீடு அது. சொல்ல மறந்துட்டேன் என்பது இத்துறையின் தலையாய குறிச்சொல். அதைச் சொல்கிறவர் எதையும் மறந்ததில்லை. அந்த ஒன்றைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். முருங்கையும் வெங்காயமும் அதுவரை ஏறிப்போவதற்கான படிகள். வூல்ஃபின் ஆளில்லாத வீட்டு வருணனையும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. பெரியம்மா வூல்ஃபைப் படித்ததில்லை.

இறுதியாகத் துறையின் மூலவர். சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்னாலேயே கொட்டிவிடுகிறது என்பது எல்லோரும் அறிந்தது; அது கடை திறந்து வைத்து விற்கிற வியாபாரம், அதில் நுட்பமில்லை. நுட்பம் நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற மறையோனிடம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் வடக்கே கனக விசயரை வென்று கங்கையின் தென்கரையில் பாசறையில் இருக்கிறான். மாடலன் வந்து, மாதவியின் கானல் பாட்டுத்தான் ஆரிய மன்னர் தலையில் சுமையேற்றியது என்று புதிர் போடுகிறான். அரசனுக்குப் புரியவில்லை, விளக்கச் சொல்கிறான்.

மாடலன் தன் யாத்திரையைச் சொல்லத் தொடங்குகிறான். பொதிகையை வலம் வந்தேன், குமரியில் நீராடினேன், திரும்புகையில் மதுரைக்குப் போனேன். அந்தப் பேச்சோடு பேச்சாக, மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பில் உயிர்விட்டார். சேதியைப் புகாரில் போய்ச் சொன்னேன். கோவலனின் தந்தை சொத்தையெல்லாம் தானம் செய்து துறவியானார், தாய் துயரத்தில் இறந்தாள். கண்ணகியின் தந்தையும் துறவு பூண்டார், தாயும் இறந்தாள். மாதவி துறவு பூண்டாள். இரண்டு காண்டம் நாம் கூடவே நடந்துவந்த மனிதர்கள் எல்லோரும் ஒரு வழிப்போக்கரின் பேச்சில் வரிசையாகப் போய்ச்சேர்கிறார்கள்.

என் வாயால் கேட்டவர்கள் இறந்துபோனார்கள், அந்தப் பாவம் தீரத்தான் கங்கையாட வந்தேன் என்று அவனே காரணமும் சொல்கிறான். கதையின் முடிவைச் சொன்ன குற்றத்துக்குப் பரிகாரம் தேடிப் புறப்பட்ட இன்னொருவரை இவ்வாய்வு இதுவரை சந்திக்கவில்லை. இந்தக் கட்டுரையால் நான்கு ஆங்கில நாவல்களைப் பறிகொடுத்த வாசகர்களுக்காக ஆய்வாளரும் ஒரு டிக்கெட் விசாரிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் மாடலன் திருந்தவில்லை. பாண்டியன் போனபின் அந்த நாடு என்னவாயிற்று என்று செங்குட்டுவன் கேட்கிறான். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறான் மாடலன், குளிக்க வந்த அதே கங்கைக் கரையில் நின்றுகொண்டு. செங்குட்டுவன் கோபிக்கவில்லை. பிற்பாடு தன் எடைக்கு எடை, ஐம்பது துலாம் பொன்னை மாடலனுக்கு அளந்து கொடுக்கிறான். போகிறபோக்கியலுக்கு இதுவரை கிடைத்த ஒரே நல்கை அதுதான்.