மருமவனுக்கு அஞ்சு தண்ணிப் புத்தி

ஏ மருமவனே, வாரும், திண்ணையில உக்காரும். சென்னையில தண்ணிக்குன்னே பெரிய படிப்பு படிச்சிட்டு வந்திருக்கீரு. சிற்றாத்துக்கு ஒரு கூட்டு ஆராய்ச்சிக் குழு ஆரம்பிக்கப் போறீராம். பேனர் அடிச்சாச்சு, குத்துவிளக்குக்கும் சொல்லியாச்சுன்னு உம்ம அத்தை சொன்னா. நல்ல காரியம். எனக்கு உம்ம படிப்பு தெரியாது. ஆனா இந்த வீரகேரளம்புதூர்ல உக்காந்துக்கிட்டு எத்தனையோ சங்கம் முளைச்சதையும் பார்த்திருக்கேன், வாடினதையும் பார்த்திருக்கேன். ஒரு குழு உருப்படாமப் போகணும்னா என்னென்ன செய்யணும்னு எனக்கு அத்துபடி. கேட்டுக்கிடும்.

மொதப் புத்தி. ஆத்தைப் பார்க்கிறதுக்கு முந்தி தலைவரைப் பார்த்திரணும். பெறகு செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், லெட்டர்பேடு, வாட்சாப் குரூப்பு. குரூப்புல விடிஞ்சா பூப்படம், அடைஞ்சா நிலாப்படம். நடுவுல எவனாவது கூறுகெட்டவன், ‘ஒங்க கெணத்துல தண்ணி எத்தன அடியில கெடக்கு’ன்னு கேட்டான்னு வையும், ஒடனே வெளியேத்திரணும்.

ரெண்டாவது புத்தி. கணக்கை ஒருத்தனுக்கும் காட்டிராதேயும். ஊருலகத்துல அப்படித்தான் நடக்கு. மழைக்கணக்கு வானிலைத் துறையில. ஆத்துக்கணக்கு நீர்வளத் துறையில. மலைக்காடு வனத்துறையில. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்காரங்க ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர்னு வருசத்துக்கு நாலு தரம் கெணறு அளக்காவ, அது அவுக கிட்ட. எந்த மடையில எப்பம் தண்ணி ஏறும்ங்கிற கணக்கு சம்சாரி நெஞ்சுக்குள்ள. கூட்டாஞ்சோறு பொங்குதோம்னு கூப்பிட்டா அம்புட்டுப் பேரும் கரண்டியத் தூக்கிட்டு வந்து நின்ன கதையாக்கும். அரிசி அவனவன் வீட்டுப் பானையில பத்திரமா இருக்கு.

இதுல ஒண்ணு மட்டும் கேலியில்ல. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில என்ன ஆச்சு? மலையில பெஞ்ச மழை காட்டாறா எறங்கி, 17 வயசுப் பையனக் கொண்டுபோயிட்டு. மேல மழை விழுதுங்கிற சேதி கீழ குளிக்கிறவன் காதுக்குத் தண்ணிக்கு முந்தி வந்து சேரணும். அதுக்கு மேல அளக்கிறவனும் கீழ காவல் நிக்கிறவனும் ஒரே கணக்கைப் பார்க்கணும். உம்ம குழு அது ஒண்ணைச் செஞ்சாலே போதும், பேனர் வேண்டாம்.

மூணாவது புத்தி. எதைச் சொன்னாலும் ‘அது நடக்காது, இது சரிப்படாது’ன்னு சொல்லுததுக்குன்னே ஒரு ஆளைச் சேர்த்துக்கிடும். ஆனா மானூர்ப் பக்கம் மட்டும் அவனைக் கூட்டிட்டுப் போயிராதேயும். சிற்றாத்துத் தண்ணிய எதிர்பார்த்துக் கெடக்கிற அந்த மானூர்ல, கோயில் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. மாறஞ்சடையன் பாண்டியன் காலம், கி.பி. 800-ஐ ஒட்டினது. ஊர்ச்சபை எப்படி நடக்கணும்னு அதுல வெட்டி வச்சிருக்காவ. கொண்டு வர்ற காரியத்துக்கெல்லாம் ‘இல்ல, இல்ல’ன்னு முட்டுக்கட்டை போடுதவனுக்கு 5 காசு தண்டம். அவனுக்கு ஒத்து ஊதுதவனுக்கும் அதே கதிதான். அந்தச் சட்டம் இப்பவும் இருந்துச்சுன்னா, ஒத்தக் கூட்டத்துல வசூலாகிற தண்டத்துல ஒரு குளத்தையே தூர்வாரிப் போடலாம்வே.

நாலாவது புத்தி. சம்சாரிகிட்ட வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டுராதேயும், படிச்ச மானம் போயிரும். திசையன்விளைப் பக்கம் ஆயன்குளம் கெணறு கேள்விப்பட்டிருப்பீரு. 2021 வடகிழக்குப் பருவத்துல வெள்ளத்தண்ணி அந்தக் கெணத்துக்குள்ள நாள்கணக்கா விழுந்துக்கிட்டே இருக்கு, கெணறு நெறையுத வழியக் காணோம். அதிசயக் கெணறுன்னு டிவியில காட்டினான், வேன் புடிச்சு சனம் வேடிக்க பார்க்கப் போச்சு. சென்னை ஐஐடிக்காரங்களும் போனாவ. ஆனா வேடிக்க பார்க்க இல்ல. அக்கம்பக்கத்துக் கெணறுகளையும் சேர்த்து ஆராஞ்சாவ. பூமிக்கடியில சுண்ணாம்புப் பாறை, தண்ணி காலங்காலமாக் கரைச்சதுல அது பொந்தும் குகையுமா ஆகிக் கெடக்கு, அந்த வழியாத்தான் தண்ணி பாயுதுன்னு சொன்னாவ. இங்கன ஒண்ணைக் கவனியும். கெணறு நெறையாதுன்னு ஊர்க்காரனுக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. ஏன்னு சொல்ல ஐஐடிக்காரருக்குத் தெரியும், அப்படியொரு கெணறு இருக்குன்னு ஊர்க்காரன் காட்டினாத்தான் தெரியும். ரெண்டுபேரும் ஒரே வரப்புல நின்னதுனால விசயம் வெளிய வந்துச்சு.

அஞ்சாவது புத்தி. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிராதேயும். சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம்னு ஒண்ணு இருக்காம், 1922-ல இருந்து நடக்காம். அவுக என்ன செஞ்சாவ தெரியுமா? ஒலகம் பூரா நீரியல்காரங்கள்ட்ட, நமக்குப் பிடிபடாத கேள்வி என்னென்னன்னு கேட்டு வாங்கி, பேசிப் பேசிச் சலிச்சு, 2019-ல 23 கேள்வியா எழுதி வெளியிட்டாவ. எழுதினவுக பேருல மட்டும் 200-க்கு மேல ஆளு. அம்புட்டுப் படிச்சவுகளும் சேர்ந்து, ‘இதெல்லாம் இன்னும் எங்களுக்குத் தெரியாது’ன்னு கையெழுத்துப் போட்டிருக்காவ மருமவனே! நம்ம டீக்கடையில ஒருத்தன் போடுவானா?

அந்த 23-ல ஒரு கேள்வி நம்ம ஆத்துக்கே கேட்டது மாதிரி இருக்கு. மழை விழுந்த கொஞ்ச நேரத்துல ஆறு பொங்குது, ஆனா பொங்கி வர்ற தண்ணியில பெரும்பகுதி இன்னைக்குப் பெஞ்சதில்ல, மண்ணுக்குள்ள ஏற்கெனவே கெடந்த பழைய தண்ணி. அது எப்படி அம்புட்டு வேகமா வெளிய வருதுன்னு கேக்காவ. மலை மேல மழைன்னா ஆறு சிவந்து வருதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டு அலைஞ்சவன் நான். அதுல எது புதுத்தண்ணி, எது பழசுன்னு எனக்கு எங்க தெரியும்? அளந்து சொல்லும், கேட்டுக்கிடுதேன்.

சரி, எளக்காரம் போதும். செய்யவேண்டியதச் சொல்லுதேன். அனுமன் நதி சிற்றாத்தோட வந்து சேருததே நம்ம ஊர்லதான், வேற எடம் தேட வேண்டாம். அங்கன ஒரு அளவுகோலை நடும். நாலு பள்ளிக்கூடத்துல மழைமானி வையும். எல்லாரும் காலையில எட்டரைக்கே பார்க்கணும். வானிலைத் துறைக் கணக்கும் அந்த நேரந்தான். ஒருத்தன் எட்டரைக்கும், இன்னொருத்தன் இட்லி தின்னுட்டு பத்து மணிக்கும் பார்த்தா ரெண்டு கணக்கும் ஒட்டாது. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் தண்ணின்னு பிள்ளையளுக்குச் சொல்லிக் கொடும், ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர்னு அதுகளே கணக்குப் போட்டுரும். கெணத்துக் கைப்பிடிச் சுவர்ல பெயிண்டால ஒரு கோடு போடும், எவன் அளந்தாலும் அந்தக் கோட்டுல இருந்துதான் டேப்பை விடணும்.

முடியுமான்னு யோசிக்காதேயும். மணிமுத்தாத்துல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துக்காரங்க, நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர்களோட சேர்ந்து, 2011-ல இருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை எண்ணிக்கிட்டு வாராவ. மாணவர், வாத்தியார், ஊர்க்காரர்னு எல்லாருமா நின்னு எண்ணுதாவ. பறக்கிற பறவையக் கூட்டா எண்ண முடியும்னா, கெடக்கிற தண்ணிய அளக்க முடியாதா?

அளந்ததை நோட்டுல எழுதி டீக்கடையில தொங்கவிடும், துறைக்காரங்களுக்கும் ஒரு நகல் அனுப்பும். நீரு கட்டுரை எழுதினா, மழைமானி பார்த்த டீச்சரம்மா பேரும் அதுல வரணும். ஒரு கார் நெல்லுப் பருவம், ஒரு பிசான நெல்லுப் பருவம், ரெண்டும் விடாம எழுதிட்டு வாரும். அதுக்குப் பெறகு குத்துவிளக்கு ஏத்தலாம்.

தலைவர் பதவிக்கு ஆள் தேடி அலையாதேயும். அதை எனக்கே கொடுத்திரும். நான் கூட்டத்துக்கு வரமாட்டேன், பேச மாட்டேன், போட்டோவுக்கும் நிக்க மாட்டேன். இதுக்கு மேல நல்ல தலைவர் உமக்கு எங்க கெடைப்பாரு?