கல்நாருக்கு மேலே காளான், கடவுளுக்குக் கீழே நாம்

உலகத்து உயிர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, யார் மேல், யார் கீழ் என்று பட்டியல் போடும் வேலையை ஐரோப்பிய அறிஞர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் விடாமல் பார்த்தார்கள். சீனியாரிட்டி பட்டியல் தயாரித்த குமாஸ்தாவே முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொண்டால் எந்த அலுவலகத்திலாவது சும்மா விடுவார்களா? இங்கே விட்டார்கள். கீழே நின்ற நத்தையும் சிப்பியும் வாயில்லா ஜீவன்கள்.

பிள்ளையார் சுழி போட்டவர் பிளேட்டோ. 'திமேயஸ்' என்ற நூலின் கடைசியில் அவர் விவரிக்கும் கதைப்படி, முதலில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. அவர்களில் கோழைகளும் அநியாயக்காரர்களும் மறுபிறவியில் பெண்களானார்கள். கண்ணால் வானத்தைப் பார்த்தாலே வானசாஸ்திரம் வந்துவிடும் என்று நம்பிய அப்பாவிகள் பறவைகளானார்கள். தத்துவத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் விலங்குகள். அவர்கள் தலை மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்தது. மடமை கூடக்கூட, முட்டுக் கொடுக்கக் கால்களும் கூடின. அப்படியானால் பூரான் முற்பிறவியில் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மோசமானவர்களுக்குக் கால்களும் இல்லை, தரையோடு ஊர்ந்தார்கள். நல்ல காற்றைச் சுவாசிக்கக்கூட லாயக்கில்லாத கடைந்தெடுத்த முட்டாள்கள் மீன்களானார்கள். பிளேட்டோ இதை விளையாட்டாகத்தான் சொன்னார் என்று வாதாடுபவர்கள் உண்டு. பெண்கள் சிரித்ததாகத் தகவல் இல்லை.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் குருவைப் போல உட்கார்ந்த இடத்திலேயே முடிவு சொல்லவில்லை. லெஸ்போஸ் தீவின் உப்பங்கழியில் மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தார். ஒருவகைச் சிறு சுறா, குட்டியைத் தொப்புள்கொடியோடு கருவில் வளர்க்கிறது என்று எழுதினார். ஜெர்மானியர் யோஹான்னஸ் முல்லர் 1842இல் அதை உறுதிசெய்யும்வரை அதை நம்பியவர் குறைவு. இவ்வளவு கூர்மையான கண் படைத்தவர், விலாங்கு மீனுக்கு முட்டையே கிடையாது, அது சேற்றிலிருந்து தானாக வருகிறது என்றும் எழுதினார். தேன்கூட்டின் தலைமைத் தேனீ அவருக்கு 'அரசன்'. அது பெண் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லைபோலும். உடற்சூடு எதற்கு அதிகமோ அது உயர்ந்தது. குட்டி போடுவது மேல், முட்டை இடுவது அதற்குக் கீழ், சேற்றில் பிறப்பது கடைசி. இதே கணக்கில் பெண் ஆணைவிடக் குளிர்ந்தவள், ஆகவே ஒருபடி இறக்கம். ஆனால் உயிரற்றதிலிருந்து உயிருள்ளதற்கு இயற்கை சிறிது சிறிதாகத்தான் நகர்கிறது, நடுவே கோடு கிழிக்க முடியாது என்றும் சொல்லிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஏணியே கட்டிவிட்டார்கள்.

கட்டியவர்களுக்கு மேல்மாடியும் வேண்டியிருந்தது. தியோனீசியஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு கிறிஸ்தவ ஞானி, தேவதூதர்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்தார். கடவுளிடம் ஒரு மனு போகவேண்டுமென்றால் ஒன்பது மேசை தாண்டவேண்டும். இடைக்காலத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர் நியமனமானார்: விலங்கில் சிங்கம், பறவையில் கழுகு, மரத்தில் ஓக், பூவில் ரோஜா, உலோகத்தில் தங்கம், மனிதரில் மன்னன். கடைசிப் பெயருக்காகத்தான் முன்னால் இருந்த ஐந்தும். தியேகோ வலாதேஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1579இல் அச்சிட்ட நூலில் இதைப் படமாகவே போட்டார்: உச்சியில் கடவுள், கீழே தேவதூதர்கள், மனிதர், பறவை, மீன், விலங்கு, செடி. ஓரத்தில், ஒழுங்கு மீறிய தேவதூதர்கள் தலைகுப்புற நரகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

(நம் தொல்காப்பியரும் புல்லுக்கு ஒன்று, மனிதனுக்கு ஆறு என்று அறிவை எண்ணியவர்தான். ஆனால் ஆறோடு கணக்கை மூடினார். மனிதனோடு சேர்த்துச் சொல்ல வேறு சிலவும் உண்டு என்று கதவையும் கொஞ்சம் திறந்துவைத்தார். கெட்டிக்காரர்.)

ஏணிக்கு வந்த பெரிய சோதனை ஒரு குளத்திலிருந்து வந்தது. ஹேக் நகரத்தருகே ஒரு பிரபுவின் மாளிகையில் இரண்டு பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஆபிரகாம் டிரம்ப்ளே. 1740இல் குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் மொண்டுவந்து வைத்துப் பார்த்தபோது, நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டு பச்சையாகச் சில இழைகள் தெரிந்தன. நுனியில் நூல் நூலாகக் கைகள். செடி என்றே நினைத்தார். ஜாடியை அரைவட்டம் திருப்பிவைத்தார். அவை மெள்ள நகர்ந்து மறுபடியும் வெளிச்சப் பக்கம் வந்து சேர்ந்தன. செடி நடக்குமா? சரி, வெட்டிப் பார்ப்போம். இரண்டு துண்டும் பிழைத்தால் செடி, செத்தால் பிராணி என்று முடிவுகட்டினார். நவம்பரில் குறுக்கே வெட்டினார். இரண்டும் பிழைத்தன. பிழைத்த இரண்டும் நடந்தன, இரை பிடித்துத் தின்றன. செடிக்கான தேர்விலும் தேறி, பிராணிக்கான தேர்விலும் தேறிவிட்டன. மனிதர் விடவில்லை. தலையைப் பிளந்து பிளந்து ஒன்றுக்கு ஏழு தலை வரவழைத்தார். அந்த ஏழையும் வெட்டினார், அவை திரும்ப முளைத்தன. பன்றி மயிரைக் கொண்டு உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டிப் போட்டார். அப்படியும் அது பிழைத்துக்கொண்டது. லண்டன் ராயல் சொசைட்டி 1743இல் அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. ஹைட்ரா என்று பெயர் பெற்ற, வெட்டுப்பட்ட அந்த உயிருக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

இறையியலாளர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆன்மா பிரிக்க முடியாதது. அப்படியானால் இரண்டாவது துண்டுக்கு ஆன்மா எங்கிருந்து வந்தது? ஏணிக்காரர்களுக்கோ கொண்டாட்டம். செடிக்கும் பிராணிக்கும் நடுவே ஓர் உயிர் அகப்படும் என்று தத்துவஞானி லைப்னிட்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அகப்பட்டுவிட்டது!

அதிகம் குதித்தவர் டிரம்ப்ளேயின் உறவினர், ஜெனீவாக்காரரான சார்ல் போனே. இவர் ஒரே ஓர் அசுவினிப் பூச்சியைத் தனியே அடைத்து ஒரு மாதத்துக்குமேல் கண்கொட்டாமல் பார்த்து, ஆண்துணை இல்லாமலே அது 95 குட்டி போட்டதை எண்ணியவர். அந்தப் பொறுமையோடு 1745இல் முழு ஏணியையும் வரைந்தார். ஐம்பது சொச்சம் படிகள். உச்சியில் மனிதன், அடுத்து ஒராங்குட்டான், குரங்கு, நாலுகால் விலங்குகள். விலங்கிலிருந்து பறவைக்கு எப்படி இறங்குவது? பறக்கும் அணிலைப் போட்டார், வௌவாலைப் போட்டார், அதற்குக் கீழே நெருப்புக்கோழி. பறக்கவே தெரியாத ஒரே தகுதியால் நெருப்புக்கோழி எல்லாப் பறவைகளுக்கும் மேலே போய் உட்கார்ந்தது. பறவையிலிருந்து மீனுக்கு இறங்கப் பறக்கும் மீன். பாம்புக்கு மேலே விலாங்கு. செடிக்கும் கல்லுக்கும் நடுவே பூஞ்சணம், காளான், பவளம், பிறகு நார் நாராக உரியும் கல்நார். சிலேட்டுக்கும் கீழே, உப்புக்கும் கீழே உலோகங்கள். ஆமாம், தங்கமும் அங்கேதான். இடைக்காலத்துப் பட்டத்தரசனைச் சிலேட்டுப் பலகைக்குக் கீழே இறக்கிவிட்டார். நகைக்கடைக்காரர்கள் யாரும் அவரைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

போனே நல்ல மனிதர். காலப்போக்கில் எல்லாரும் ஒருபடி ஏறுவார்கள், குரங்குகளிலும் யானைகளிலும் ஒரு நியூட்டன் தோன்றுவார் என்று பின்னர் எழுதினார். எல்லாரும் அப்படி இல்லை. சோம் ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேய எம்.பி. 1757இல் ஒரு புத்தகம் போட்டார்: நாம் விலங்குகளை வேட்டையாடி மகிழ்வதுபோல நமக்கு மேற்படியில் உள்ளவர்களும் நம்மை வதைத்து மகிழலாம், ஆகவே துன்பத்தைப் பற்றி முறையிடுவது வீண். எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனுக்கு வந்ததே கோபம்! விமர்சனத்தில் அவர் சொன்னதன் சாரம்: அந்த மேலுலகத்தாருக்கு இன்னொரு பொழுதுபோக்கும் இருக்கிறது. ஒரு மனிதனின் மண்டையில் அரைகுறைக் கருத்துகளை ஏற்றி, அவனைப் புத்தகம் எழுதவைத்து வேடிக்கை பார்ப்பது. வோல்டேரும் தன் பங்குக்கு, போப் முதல் கப்புச்சின் துறவிவரை இறங்கும் திருச்சபைப் படிநிலையைத்தான் இந்த ஏணி நினைவூட்டுகிறது என்று குத்தினார்.

இதுவரை சிரிக்கலாம். ஏணியின் மனிதப்படியை மேலும் சீவி, அதற்குள்ளும் மேல்கீழ் பார்க்க ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. டச்சு உடற்கூறு வல்லுநர் பேத்ரஸ் காம்பர் முகத்தின் சாய்வைக் கோணமானியால் அளந்தார்: குரங்கு, ஆப்பிரிக்கர், ஐரோப்பியர் என்று கோணம் ஏறிக்கொண்டே போயிற்று. மனிதர் எல்லாரும் ஒரே இனம் என்று அவர் சொன்னதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் வைட் 1799இல் வெளிப்படையாகவே ஐரோப்பியரை உச்சியிலும் ஆப்பிரிக்கரைக் குரங்குக்குப் பக்கத்திலும் வைத்தார். காம்பரின் வரிசையில் ஐரோப்பியருக்கும் மேலே, நூறு பாகைக் கோணத்தோடு யார் நின்றது தெரியுமா? கிரேக்கச் சிலை. இயற்கையின் ஏணியில் கல்லுக்கு எந்தப் படி என்று அந்த மேதாவிகளுக்கு யாரும் நினைவூட்டவில்லை.

ஏணி உடைந்தது எலும்புகளால். ஒரு படி காணாமல் போனால்கூட மொத்தமும் சரியும் என்பதால், எந்த உயிரும் அழியாது என்பது ஏணிக்காரர்களின் விதி. அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சன் 1797இல் ராட்சத நகங்களோடு கிடைத்த எலும்புகளைப் பார்த்து, இது மாபெரும் சிங்கம், மேற்கே எங்கோ இன்னும் உலாவிக்கொண்டிருக்கும் என்று நம்பினார். அது உலாவவும் இல்லை, சிங்கமும் இல்லை. எப்போதோ அழிந்துபோன, இலைதழை தின்கிற ராட்சத ஸ்லாத். ஸ்லாத் என்றால் விலங்குலகின் மகா சோம்பேறி. பாரிஸில் விலங்கியலாளர் குவியே, மாமூத் யானை அழிந்தேவிட்டது என்று 1796இலேயே காட்டியிருந்தார். 1812இல் விலங்குலகத்தை ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பெரும் பிரிவுகளாக வெட்டியும் போட்டார். ஹைட்ராவைப் போல ஏணி மறுபடி முளைக்கவில்லை.

டார்வின், தான் படித்த ஒரு புத்தகத்தின் ஓரத்தில், உயர்ந்தது தாழ்ந்தது என்ற சொற்களைப் பயன்படுத்தவே கூடாது என்று தனக்குத்தானே குறிப்பு எழுதிவைத்தார். 1859இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கடைசிப் பத்தியைப் புரட்டிப் பாருங்கள். 'உயர்ந்த விலங்குகள்' அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன.